சுயம்புலிங்கம் படித்த வெயிலும் மழையும்

அளத்தங்குடியில் ஒரு வருஷத்தை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், தேர் அச்சு முறிந்த வருஷம், கடல் உள்வாங்கிய வருஷம் என்று சொல்வதைப் போலவே, சுயம்புலிங்கம் படித்த வருஷம் என்றும் சொல்வார்கள். அவர் அதற்கு முந்தியும் படித்துக்கொண்டுதான் இருந்தார், இன்றைக்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றாலும், அவர் படித்தது அடுத்தவர் தலையில் விழுந்தது அந்த ஒரு வருஷம்தான் என்பதால் ஊர் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. இந்தக் கதையை முதலில் சொன்னதும், தன்னைத்தானே கேலி செய்துகொண்டு இன்றுவரை நீட்டி முழக்கிச் சொல்லி வருவதும் சுயம்புலிங்கமேதான். நாம் அதில் உப்பைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறோம்.

அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கு ஊர் உலகத்தில் எழுத்து அட்டையைக் காட்டுவார்கள் என்றால், சுயம்புலிங்கம் தாமே எழுதிச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு தத்துவ வாக்கியத்தைக் காட்டுவார். இருத்தல் என்பது இன்மையின் நீட்சியன்றி வேறன்று என்று அது மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே எறும்பு ஊர்வதுபோல் முடியும். "எழுத்து தெரியுது அண்ணாச்சி, ஒண்ணும் விளங்கல" என்று சொன்னவர்களுக்கு அவர் கூடுதலாகக் கொஞ்சம் பவர் எழுதிக் கொடுத்து அனுப்பினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "பாதி உண்மை" என்பார்.

நூலக மாடியில் கூடும் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆசீர்வாதம் சார். ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுகிற அந்தக் கூட்டத்தில், டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தோறும் 'இந்த ஆண்டு என் வாசிப்பு' என்று சுயம்புலிங்கம் பேசுவார். அவர் பேசும் புத்தகங்கள் எல்லாம் தலைக்கு வைத்துப் படுக்கலாம் போன்ற தடிமன் உள்ளவை. அவற்றை அவர் படிக்காமல் பேசினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது; மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடிக்கிறவன் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவதுபோல, ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பேசினார். பிடித்திருந்ததா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் மனைவி செல்வக்கனியும் படிக்கிறவள்தான். அவள் படித்தது அழுகிற பெண் முகம் அட்டையில் போட்டு மாதாமாதம் வரும் குடும்ப நாவல்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் வாசகர் வட்டத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, காப்பி கொண்டுவந்த செல்வக்கனி அவர்கள் பேச்சில் கலந்துகொண்டு, "நான் படிச்ச ஒரு கதையில இப்படித்தான் ஒரு பொம்பள..." என்று தொடங்கினாள். சுயம்புலிங்கம் சிரித்துக்கொண்டே, "அவ மாச நாவல் கேஸு, நீங்க காப்பியக் குடிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக, பருப்பு விலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் அவரோடு பேசியவள், தான் படித்த கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த வருஷம் தை பிறந்ததும் சுயம்புலிங்கம் ஒரு பெரிய புத்தகத்தைத் தொடங்கினார். ஒரு வாக்கியம் இந்தப் பக்கத்தில் ஏறினால் அடுத்த பக்கத்தில்தான் இறங்கும் என்கிற மாதிரியான புத்தகம். அதைப் பைக்குள் வைக்காமல், தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி, கடைத்தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கும்படியாகத் தினமும் கொண்டுபோனார். மாசி மாதத்தில் ஒருநாள், பழைய பேப்பர்க் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு மெல்லிய புத்தகம், மலைமேல் இருக்கும் சின்ன ரயில் நிலையத்தின் காவல்காரனைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கதை, அவர் கைக்கு வந்தது. பெரிய புத்தகத்துக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தார்.

மூன்றாம் பக்கத்தில் காவல்காரன் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அளத்தங்குடிக் கடைத்தெருவில், உச்சி வெயிலில், ஒரு மேகமும் இல்லாத வானத்திலிருந்து பனி கொட்டத் தொடங்கியது. டீக்கடைக் கூரையிலும் சைக்கிள் சீட்டுகளிலும் அரசியல் கட்சிக் கொடிக்கம்பத்தின் உச்சியிலும் வெள்ளை வெளேரென்று அது விழுந்துகொண்டிருக்க, ஊரில் முதலில் அதைக் கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவள் மீன்காரி ரோணிக்கம்மாள். உப்பில்லை என்று தெரிந்ததும் தலைக்கூடையை இறக்கி, சாளை மீன்மேல் இரண்டு கையாலும் பனியை அள்ளிப் போட்டாள். அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் கரண்டு இல்லை. போட்டு முடித்து நிமிர்ந்தவள், கடைக்குள் சுயம்புலிங்கம் பக்கத்தைப் புரட்டியதையும், அதே நேரத்தில் பனிக்காற்று கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பியதையும் பார்த்தாள். அவர் மறுபடி புரட்டினார். காற்று மறுபடி திரும்பியது.

"அண்ணாச்சி, இன்னும் எத்தன பக்கம் கிடக்கு?"

சுயம்புலிங்கம் தலை நிமிராமல், "பாதிகூட ஆகலை" என்றார்.

"அப்ப நாளைக்கு வஞ்சிரம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மறுநாள் மீன்காரிகள் எல்லாரும் கூடையோடு கண்ணாடிக் கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பனி விழுந்த முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்காகப் புத்தகத்தை மூடியபோது காவல்காரன் தண்டவாளத்தில் பனியை வாரிக்கொண்டிருந்தான். சுயம்புலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வழக்கமான தூக்கம் தூங்கி எழுந்து வரும் வரைக்கும் கடைத்தெருவில் பனி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்து, காவல்காரனை உள்ளே அனுப்பி அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்த பிறகுதான் ஓய்ந்தது. எந்தப் பக்கத்தில் விட்டாரோ அந்தப் பக்கத்தின் வானம் அப்படியே நிற்கும் என்று இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஏன் இப்படி என்று யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. கோயில் பூசாரியிடம் கேட்டார்கள். "புஸ்தகம்னா அது பாதிரியார் பக்கம்" என்றார். பாதிரியாரிடம் கேட்டார்கள்; "சுயம்புலிங்கம் கோயிலுக்குப் போறவர், அது உங்க பக்கம்" என்றார். இரண்டு பக்கமும் தள்ளிவிட்டதால் அது ஊரின் பொதுக் காரியமாகிவிட்டது.

காவல்காரன் கதை முடிந்ததும் அடுத்து என்ன என்று ஊர் கூடி நின்றது. இத்தனை பேர் தன் வாசிப்புக்காகக் காத்திருப்பது வாழ்க்கையில் முதல்முறை என்பதால், சுயம்புலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் பார்க்க அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். கூட்டம் வானத்தைப் பார்த்தது. அவர் ஒரு பக்கம் படித்தார். ஓர் அத்தியாயம் படித்தார். சத்தமாகப் படித்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, மனதைப் பிழிந்து படித்துப் பார்த்தார். நெற்றியில் வேர்வைதான் வந்தது. தெருவில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அன்றிலிருந்து அளத்தங்குடிப் பெண்கள் காலையில் கண்ணாடிக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணாச்சி இன்னைக்குப் பெரிய பொஸ்தகம்தான் வச்சிருக்காவ, தைரியமா வத்தலக் காயப்போடு" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது செல்வக்கனி மெதுவாகச் சொன்னாள், "உங்களுக்குப் பிடிச்சாத்தான் வரும் போலிருக்கு."

"இதுவும் பிடிக்கும். ஆழமாப் பிடிக்கும்" என்றார் சுயம்புலிங்கம். "ஆழத்துல காத்தடிக்காதுட்டி. உனக்கு அது விளங்காது."

அவள் மோரை ஊற்றினாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

பங்குனியில் உப்பளக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் சமுத்திரம். சொந்தமாகக் கொஞ்சம் உப்புப் பாத்தியும் குத்தகைக்குக் கொஞ்சமும் எடுத்து, மனைவி மக்களோடு தாமும் இறங்கி உப்பு வாருகிறவர். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு பேசிய அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"அண்ணாச்சி, உங்க படிப்புல நாங்க தலையிடல. ஆனா இப்ப உப்புக் காலம். ஒரு தூத்தல் விழுந்தாலும் பாத்தி கலங்கிப் போவும். அதனால ஐப்பசி வரைக்கும் நீங்க மழ வார கதையாப் படிக்காம, கொஞ்சம் காஞ்ச கதையாப் படிச்சா புண்ணியமாப் போவும்."

"காஞ்ச கதைன்னா?"

"பஞ்சம், வறட்சி, பாலைவனம். இந்த மாதிரி. எது உங்களுக்குப் பிடிக்குதோ."

இலக்கியம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எத்தனையோ டிசம்பர் மாதங்களில் பேசியவர் சுயம்புலிங்கம். பயன்படச் சொல்லி மக்களே வந்து நின்றது அன்றைக்குத்தான். உடனே ஒரு குழு அமைந்தது. ஆசீர்வாதம் சார் நூலகத்தில் புகுந்து, உலர்ந்த புத்தகங்களாகத் தேடி எடுத்தார். கரிசல் காட்டில் மாடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகும் ஒரு குடும்பத்தின் கதை முதலில் வந்தது. சுயம்புலிங்கம் அதில் மூழ்கினார். அளத்தங்குடிமேல் கரிசல் காட்டு வெயில் இறங்கியது. உலர்ந்த காற்று மேற்கிலிருந்து அனல்போல் வந்து பாத்திகளின்மேல் படுத்துக்கொண்டது. காலையில் கட்டிய தண்ணீர் மாலையில் உப்பாய்ப் பூத்தது. கற்கண்டுபோல் பெரிது பெரிதாய் விளைந்த அந்த உப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சமுத்திரம் கடைத்தெருவில் வைத்துச் சுயம்புலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வெயிலில் அது கம்பளிபோல் எரிந்தது. கழற்றினால் மரியாதையாக இருக்காது என்று சுயம்புலிங்கம் பொழுது சாயும் வரை அதைப் போர்த்திக்கொண்டே வியாபாரம் செய்தார்.

அதற்குப் பிறகு அவர் வாசிப்பில் ஊருக்குப் பங்கு வந்துவிட்டது. ரோணிக்கம்மாள் வாரத்துக்கு ஒருமுறையாவது பனி கேட்டாள். போட்டோக் கடைக்காரர், கல்யாண ஜோடியை நிற்க வைத்துவிட்டு, "கொஞ்சம் மூடுபனி, ஒரு பத்தி போதும்" என்று ஆள் அனுப்பினார். அப்பளம் போடுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் அவர் கையில் என்ன புத்தகம் என்று பார்த்து அன்றாடத்தை வகுத்துக்கொண்டார்கள். சுயம்புலிங்கம் நடக்கும்போதே உதடுகளை அசைத்து டிசம்பர் உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 'மக்களோடு கலந்த என் வாசிப்பு' என்று தலைப்பும் வைத்தாயிற்று.

ஆனால் பஞ்சத்துக்குப் பின்னால் வறட்சியும், வறட்சிக்குப் பின்னால் பாலைவனமும், பாலைவனத்துக்குப் பின்னால் மறுபடி பஞ்சமுமாக, மாடுகள் விழுந்து சாகும் கதைகளையே ஆனியும் ஆடியும் படித்ததில் அவருக்கு நாக்கு வறண்டுபோயிற்று. ஐந்தாவது கிணறு வற்றியபோது அவருக்குத் துக்கம் வரவில்லை, கொட்டாவி வந்தது. உடனே வெயில் மங்கிற்று. சமுத்திரம் கடைக்கு ஓடிவந்து, "அண்ணாச்சிக்கு ருசி விட்டுப்போச்சோ?" என்று, சாப்பிடாத பிள்ளையைப் பற்றி வைத்தியரிடம் கேட்பதுபோல ஆசீர்வாதம் சாரிடம் கேட்டார். இரண்டு நாள் பெரிய புத்தகத்தையே வைத்திருக்கட்டும், ஆபத்தில்லை என்று சார் சொன்னார். உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து லாரிக்காகக் காத்துக் கிடந்தது. சுயம்புலிங்கம் நம் கையில் இருக்கிறார் என்ற தைரியத்தில் அந்த வருஷம் யாரும் அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடவில்லை.

ஆவணியில் ஒருநாள் ஜலதோஷம் பிடித்துச் சுயம்புலிங்கம் வீட்டில் இருந்தார். செல்வக்கனி சந்தைக்குப் போயிருந்தாள். பெரிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர், தைலம் தேடித் தையல் மெஷின் டிராயரைத் திறந்தபோது, உள்ளே ஒரு பழைய மாத நாவல் கிடந்தது. சும்மா, எவ்வளவு மோசம் என்று பார்க்கத்தான் எடுத்தார். பார்ப்பவர் யாரும் இல்லாத வீட்டிலும் அதைப் பெரிய புத்தகத்துக்குள் வைத்து மறைத்துக்கொண்டுதான் பிரித்தார்.

மேகலா என்று ஒருத்தி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறவள். முதல் அத்தியாயத்தில் சுயம்புலிங்கம் பென்சிலை எடுத்து ஒற்றுப் பிழைகளைத் திருத்தினார். இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் உவமையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் அத்தியாயத்தில் பென்சில் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. மேகலாவின் புருஷன், அவள் சம்பளத்தை எல்லாம் சீட்டாட்டத்தில் விட்டவன், அவளை ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனான். அவன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டது. அவள் ஒழுகாத ஓர் இடம் தேடிப் பெட்டியை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு ஆளின் குடைக்குள்ளும் குனிந்து பார்த்தாள். சுயம்புலிங்கத்துக்குக் கண் மறைத்தது. ஜலதோஷம் என்று துடைத்துக்கொண்டார். வெளியே ஓட்டின்மேல் கல் எறிவதுபோல மழை விழுந்ததை அவர் கதைக்குள் விழுவதாகத்தான் நினைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சமுத்திரம் வந்து நின்றார். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஓடியது. அவருக்குப் பின்னால் உப்பளத்து ஆட்கள், மீன்காரிகள், ஆசீர்வாதம் சார்.

"உப்பெல்லாம் கரையுதுவே!" என்று சமுத்திரம் கத்தினார். 'அண்ணாச்சி' போய் 'வே' வந்துவிட்டது. "பெரிய பொஸ்தகத்துக்கு ஒண்ணும் வராதே! என்னவே படிக்கீரு?"

சுயம்புலிங்கம் பதறி எழுந்ததில் பெரிய புத்தகத்திலிருந்து சின்னப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்து, அட்டையில் அழுதுகொண்டிருந்த பெண் எல்லாரையும் பார்த்தாள். ஆசீர்வாதம் சார் மட்டும் நாகரிகமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு மழை தன்னைக் கரைத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்கும், உப்புக்குப் பதிலாகத் தான் கரைந்ததாகவும் இருக்கும் என்று தோன்றியதாகச் சுயம்புலிங்கம் சொல்வதுண்டு.

"மூடிராதேயும்!" என்றாள் ரோணிக்கம்மாள். "மூடினா இப்படியே நிக்கும். மேல படியும். மழ விடுத பக்கத்துக்குப் போவும்."

அவர் அதை எடுத்துப் புரட்டினார். இரண்டு பக்கம். மேகலா இன்னும் மழையில்தான் இருந்தாள். அடுத்த பக்கம் இல்லை. அதற்கு மேல் புத்தகமே இல்லை. கடைசித் தாள்களை யாரோ வேரோடு கிழித்திருந்தார்கள். மழை வலுத்தது. அளத்துப் பக்கமிருந்து ஒரு பெண் ஓலமிடும் சத்தம் கேட்டது.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செல்வக்கனி சந்தையிலிருந்து வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, புருஷன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்ட் கட்டமா?" என்று கேட்டாள்.

சுயம்புலிங்கம் தலையாட்டினார்.

"தெருமுனையில வரும்போதே நெனச்சேன். இப்படி மழ வேற எந்தக் கதையிலயும் கெடையாது."

"கடைசிப் பக்கம் எங்க, கனி?"

"நாந்தான் கிழிச்சேன். கிழிச்சு அடுப்புல போட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பய திரும்பி வருவான். இவ அந்த மழையிலேயே அவன் கால்ல விழுந்து, அவன்கூடயே போவா. அதோட முடியும்." அவள் சாக்கை மூலையில் எறிந்தாள். "எழுதுனவனுக்கு மழை விடணும்னுகூடத் தோணல."

சமுத்திரம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆசீர்வாதம் சார் மெதுவாக, "அப்ப மூலத்துலயே மழை நிற்காதா?" என்றார்.

சுயம்புலிங்கம் மனைவியைப் பார்த்தார். அத்தனை பேர் நிற்கும் அறையில், அவர் வாயில் வந்தது உப்பைப் பற்றிய கேள்வி இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவ அவன்கூடவா போனா?" என்று கேட்டார். "அவ்வளவுக்கு அப்புறமுமா?"

"உங்களுக்கு எதுக்கு? மாச நாவல்தான."

அவர் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து, எல்லார் முன்னாலும், "எனக்குத் தெரிஞ்சாகணும் கனி. அந்தப் பிள்ளை பெட்டிய வச்சிக்கிட்டு அங்கேயே நிக்குது. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. நீ சொல்லு. என்ன ஆச்சு அவளுக்கு?" என்றார்.

செல்வக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் சிவந்திருந்தது; அது ஜலதோஷமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தையல் மெஷின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவ போகல" என்றாள். "அவன் வந்தான். குடையோட வந்தான். ஏத்தின பட்டச் சாராயத்துல நாறிக்கிட்டு வந்து, 'எந்திரி, போவோம்'னான். இவ எந்திரிச்சா."

"எந்திரிச்சு?" என்றாள் ரோணிக்கம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "இவ மன்னிச்சிட்டான்னு மட்டும் சொல்லிராத மைனி. கூடையத் தூக்கிட்டுப் போயிருவேன்."

"எந்திரிச்சு, அவன் கையில இருந்த குடைய வாங்கினா. வாங்கிக்கிட்டு, பெட்டியத் தூக்கிக்கிட்டு, அந்தால நின்ன பஸ்ஸுல ஏறிட்டா. எந்த ஊர் பஸ்ஸுன்னு பார்க்கல. அவன் மழையில நின்னு கத்துதான். கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரு."

அறையில் எல்லாரும் ஒரே மூச்சை விட்டார்கள். ஓட்டின்மேல் மழைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. செல்வக்கனி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பதினொரு வருஷமோ பன்னிரண்டு வருஷமோ, சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் மனதுக்குள் அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எந்த வளைவில் எந்த மரம் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மேகலா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிப்போனாள். பாலம் தாண்டினாள், மலை தாண்டினாள். கண்ணை விழித்தபோது பஸ் ஒரு சின்ன ஊரில் நின்றது. ஓட்டுக் கூரைகளில் ஈரம் ஆவியாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டு மாடியில் யாரோ மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். சுள்ளென்று ஒரு வெயில் அவள் மடியில் வந்து விழுந்தது.

சுயம்புலிங்கத்தின் மடியில் வந்து விழுந்தது. அறைக்குள் நின்றவர்களின் நிழல்களெல்லாம் தரையில் விழுந்தன. வாசலில் மழை நின்று, கூரை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் பேசியவர் சமுத்திரம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே கேட்டார்.

"மைனி, அந்தப் புள்ளைக்கு அந்த ஊர்ல வேலை கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றாள் செல்வக்கனி. "போயி உப்பப் பாருங்க அண்ணாச்சி, நான் பொறவு சொல்லுதேன்."

உப்பில் பாதி போய்விட்டது. மீதியை மூட ஊரே கீற்றைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கு ஓடியது. பாத்திகளை மறுபடி மிதித்துக் கட்டியாக வேண்டும். சுயம்புலிங்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கண்ணாடி துடைத்தே பழகிய கையில் முதல் நாளே கொப்புளம் வந்தது, உப்புத் தண்ணீர் பட்டு அது எரிந்தது. சமுத்திரம் பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பாத்தி வரப்பில் வைத்து, தம் தூக்குச்சட்டியிலிருந்த கஞ்சியில் பாதியை ஊற்றிக் கொடுத்து, "நானா இருந்தாலும் அந்தக் கட்டத்துல மூடியிருக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அதன் பிறகு சுயம்புலிங்கம் எதைப் படித்தாலும் வெளியே எதுவும் வரவில்லை. எப்போது நின்றது என்றுகூட யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் மழை தானாக வந்தது. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "இது யாரும் படிக்காத மழை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் உட்கார இடம் இல்லை. அளத்து ஆட்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். ஆசீர்வாதம் சார் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலிகள் வரவழைத்தார். சுயம்புலிங்கம் எழுந்து, கூட்டத்தைப் பார்த்தார். வழக்கமான ஷேர் ஆட்டோக் கூட்டத்துக்கு முன்னால் அவர் எதையும் பேசியிருப்பார். இவர்களோ அவர் எதை ரசித்தார், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விட்டார் என்பதைத் தோலில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

"இந்த வருஷம் எனக்குப் பிடிச்சது ரெண்டே ரெண்டு" என்று தொடங்கினார். "ஒண்ணு அந்த ரயில்வே காவல்காரன். இன்னொண்ணு மேகலா. கரிசல் காட்டுக் குடும்பத்தையும் சேர்த்துக்கலாம், ஆனா அதுக்கப்புறம் வந்த பஞ்சமெல்லாம் உங்களுக்காகப் படிச்சது. அந்தப் பெரிய புத்தகத்தையும் முடிச்சிட்டேன். ரொம்ப நல்ல புத்தகமாத்தான் இருக்கணும், உலகமே சொல்லுது. எனக்குத்தான் அதுல ஒரு இலைகூட அசையல. இத்தன வருஷம் ஆழம் ஆழம்னு சொல்லி நான் நின்னது கணுக்கால் தண்ணியிலதான்னு எனக்குத் தெரியறதுக்கு உங்க உப்பு கரைய வேண்டியிருந்தது."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

ரோணிக்கம்மாள் எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, நீங்க படிச்சதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நனைஞ்சிருக்கோம். மைனி என்ன படிச்சாவ, அதக் கேட்டுச் சொல்லும்."

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வக்கனி, "நான் என்னத்தப் பேச" என்று சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். சுயம்புலிங்கம் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அவளிடம் போனார். "நீ போயி அங்க உக்காரு" என்றார். அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

செல்வக்கனி மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். முதலில் மெதுவாகத்தான் பேசினாள். பங்குனியில் படித்த ஒரு கதையில் வந்த மாமியாரைப் பற்றிச் சொன்னாள், கூட்டத்தில் இரண்டு மாமியார்கள் ஆட்சேபித்தார்கள். ஆனியில் படித்த ஒன்று குப்பை என்றாள், ஏன் குப்பை என்று ஆசீர்வாதம் சார் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அவர் குறித்துக்கொண்டார். பிறகு சமுத்திரம் படிக்கட்டிலிருந்து, "மைனி, அந்தப் புள்ளை வேலையில சேர்ந்தது வரைக்கும் தெரியும்" என்று குரல் கொடுத்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மேகலா அந்தச் சின்ன ஊரின் டெலிபோன் ஆபீசில் முதல் நாள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிய இடத்திலிருந்து தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே வானம் எப்போதும்போல இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. முதல் அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு குரல் கேட்டது. அது யாருடைய குரல் என்று சொல்லுமுன் செல்வக்கனி தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.

கடைசி வரிசையில், மனைவியின் பையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, நாற்காலி நுனிக்கு வந்திருந்த வாசகர் வட்டத் தலைவர் சுயம்புலிங்கம், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாகக் கேட்டார்:

"அப்புறம்?"